மேஜையில் ஆடும் போன்: உங்களிடமும் வளைந்த கதை இருக்கிறதா?

கெடிலக்கரை (கடலூர்):

போன் வாங்கி ஐந்து வாரம்தான் ஆகிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. கடையில் கையில் கொடுத்தபோதே, "அடேங்கப்பா, அப்பளம் மாதிரி இருக்கே" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஊதினால் பறக்காத குறைதான்.

தினமும் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி முருங்கப்பாக்கத்தில் வேலைக்கு இறங்குகிறவன் நான். காலையில் உட்கார இடம் கிடைத்தால் ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். போன் பேண்ட் பின் பாக்கெட்டில்தான் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. அரியாங்குப்பம் வரும் நேரத்துக்கு அலாரத்தை அதிர்வில் போட்டிருப்பேன். சத்தமாக வைத்தால் பக்கத்து சீட்டில் திட்டுவார்கள், பின் பாக்கெட்டில் அதிர்ந்தால் எனக்கு மட்டும் தெரியும்.

போன வாரம் டீக்கடை பெஞ்சில் போனை வைத்தேன். மெசேஜ் வந்ததும் டகடகவென்று ஆடியது. பெஞ்ச்தான் கோணல் என்று நினைத்தேன். டீ மாஸ்டர், "அண்ணே, பெஞ்ச் நேராத்தான் இருக்கு" என்றார். ஆபீஸ் கண்ணாடி மேஜையில் குப்புறப் போட்டுக் குனிந்து பார்த்தால் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம். காலையில் வாங்கிய பஸ் டிக்கெட்டை அதில் நுழைத்தேன், போனது. இரண்டாக மடித்தேன், அதுவும் போனது. நான்காக மடித்தபோதுதான் நின்றது.

சர்வீஸ் சென்டரில் ஒரு பார்வைதான். "ஃபிசிக்கல் டேமேஜ் சார், வாரண்டில வராது." நான் கீழே போடவில்லை தம்பி, உட்கார்ந்தேன், அவ்வளவுதான் என்றேன். "உட்கார்ந்தாலும் அதான் சார்." இதற்கு என்ன பதில் சொல்வது? தப்பு போன் மேலா, என் மேலா? வளைந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சோல்டரிங் தம்பி (புதுச்சேரி):

அண்ணே, முதல் வேலையாக ஒன்று. முழங்காலில் வைத்து நிமிர்த்திவிடாதீர்கள். அப்படி நிமிர்த்திக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போனைச் சுற்றியிருக்கும் உலோகச் சட்டம் நிமிரும், கண்ணாடி விரிசல் விடும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி மெல்லிய தகடுகளைச் சுருட்டியோ அடுக்கியோ செய்தது. அதை மடக்கி நிமிர்த்தினால் உள்ளுக்குள்ளே ஷார்ட் ஆகும், சூடேறும், புகையும்கூட வரும். நிமிர்த்தியே ஆக வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றிய பிறகுதான்.

நீங்கள் குப்புறப் போட்டுப் பார்த்தது சரியான சோதனை. மல்லாக்க வைத்தால் கேமரா மேட்டினால் இப்போது பெரும்பாலான போன்கள் ஆடும். அதைப் பார்த்துப் பயந்துகொண்டு கடைக்கு ஓடி வருகிறவர்கள் பாதிப் பேர். இன்னொரு வகை, பேட்டரி வீங்கி திரையையோ பின் மூடியையோ தூக்கியிருக்கும், அதையும் வளைந்துவிட்டது என்று கொண்டுவருவார்கள். ஓரத்தில் நகம் போகும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அது வீக்கம். அந்தப் போனை சார்ஜில் போடவே கூடாது.

வளைகிற இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வால்யூம் பட்டன் ஓட்டை, இல்லையென்றால் சிம் ட்ரே பக்கம். காலண்டர் தாளில் வரிசையாக ஓட்டை போட்ட இடத்தில்தானே கிழிகிறது, அதே கதைதான். அதற்கு மேல் தடிமன் கணக்கு வேறு. விறைப்பு என்பது தடிமனின் மூன்றாம் அடுக்கில், அதாவது தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் போகும். அதே உலோகம், அதே வடிவம், 8 மில்லிமீட்டரை 6 ஆக்கினால் கால்வாசிதான் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடும். கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது 'ஆஹா மெலிசு' என்று நாம் சொல்வது இதைத்தான்.

உங்கள் போனில் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மேல் ஓரத்திலும் தொட்டுப் பாருங்கள். வளைவதில் கண்ணுக்குத் தெரியும் பங்கு கொஞ்சம்தான். உள்ளே சர்க்யூட் போர்டும் சேர்ந்து வளையும், சிப்புக்கு அடியில் இருக்கும் ஈயப் புள்ளிகள் மெல்ல விட்டுப்போகும். ஐபோன் 6 பிளஸ்ஸுக்கு அதுதான் நடந்தது. 2014-ல் வளைகிறது என்று ஊரே பேசியது. 2016-ல் திரையின் மேல் ஓரத்தில் சாம்பல் பட்டை மினுக்கி, தொட்டால் கேட்காமல் போகத் தொடங்கியது. பலமுறை கீழே போட்டதால் வருவது என்று ஆப்பிள் சொன்னது, ஆனாலும் அந்த நவம்பரில் 149 டாலர் வாங்கிக்கொண்டு சரிசெய்து தருவதாகத் தனித் திட்டமே அறிவித்தது.

பழைய பேப்பர் (நெல்லிக்குப்பம்):

தம்பி 2014-ஐத் தொட்டுவிட்டார், இனி என்னைப் பிடிக்க முடியாது.

அந்த செப்டம்பரில் போன் வெளியான சில நாளிலேயே ஒருவர் இரண்டு கட்டை விரலையும் வைத்து 6 பிளஸ்ஸை அழுத்தி வளைத்த வீடியோ உலகம் சுற்றியது. ஆறு நாளில் ஒன்பது பேர்தான் புகார் செய்திருக்கிறார்கள் என்றது ஆப்பிள். அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு, இரண்டு முனையையும் தாங்கி நடுவில் அழுத்தும் எந்திரத்தில் போன்களை வைத்தது. ஐபோன் 6 பிளஸ் 90 பவுண்டில் வளைந்தது, அதாவது நாற்பது கிலோ சொச்சம். அதைவிடச் சின்ன ஐபோன் 6 இன்னும் மோசம், 70 பவுண்டுதான். ஹெச்டிசி கம்பெனியின் ஒன் எம்8 போனும் அதே 70. பழைய ஐபோன் 5 130 வரை தாங்கியது, சாம்சங் நோட் 3 150. ஆக வீடியோவில் அடிபட்டது ஒரு போன், எந்திரத்தில் அதைவிட முன்னால் விழுந்தவை வேறு இரண்டு. ஹெச்டிசியை எவனும் கேலி செய்யவில்லை, அது அதன் அதிர்ஷ்டம்.

அப்போது நான் கம்பெனி பக்கம்தான் வாதாடினேன். நாற்பது கிலோ பாரத்தை நடுவில் ஏற்றினால் எது தாங்கும் என்று கேட்டேன். 2018-ல் ஒரு வழக்கில் ஆப்பிளின் சொந்த ஆவணங்கள் வெளியே வந்தன. அதற்கு முந்தைய ஐபோன் 5எஸ்ஸை விட ஐபோன் 6 வளைய 3.3 மடங்கும், 6 பிளஸ் 7.2 மடங்கும் வாய்ப்பு அதிகம் என்று அவர்களே முன்கூட்டிச் சோதித்து எழுதி வைத்திருந்தார்கள். அன்றைக்கு என்னோடு சண்டை போட்ட மச்சானிடம் நான் இன்னும் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

2015-ல் வந்த ஐபோன் 6எஸ்ஸில் 7000 வரிசை என்ற உறுதியான அலுமினியக் கலவைக்கு மாறினார்கள். இப்போது மறுபடி மெலிசுப் போட்டி. 2025-ல் ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர், ஆனால் சட்டம் டைட்டானியம். மெலிசு என்றாலே வளையும் என்று சொல்லிவிட முடியாது, எதில் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். கெடிலக்கரை சாருடைய போன் எந்த உலோகம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா?

ஸ்கூட்டி அக்கா (திருப்பாதிரிப்புலியூர்):

பின் பாக்கெட், முன் பாக்கெட் என்று ஆண்கள் பேசுகிறீர்கள். எங்கள் உடுப்பில் பாக்கெட் இருந்தால்தானே. அப்படியும் என் போன் வளைந்தது.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டு, இரண்டு டிபன் பாக்ஸ், பையனின் ஜாமெட்ரி பாக்ஸ். எல்லாவற்றுக்கும் மேல் போன். சீட் மூடவில்லை. இரண்டு கையையும் ஊன்றி ஒரு அழுத்து அழுத்தினேன், 'டப்'. இம்பீரியல் ரோட்டில் காய் வாங்கும்போது பணம் அனுப்பலாம் என்று எடுத்தால் போன் ஊஞ்சல் பலகை மாதிரி வளைந்திருக்கிறது. ஸ்கேனும் ஆனது, பணமும் போனது, அதைப் பார்த்துக் காய்க்காரம்மாதான் அதிகம் சிரித்தார். பழைய பேப்பர் அண்ணன் சொன்ன எந்திரத்தை நான் வீட்டிலேயே வைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. என் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பேண்ட்டில் வைத்து உட்கார்ந்தது தப்பு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போனைப் பாக்கெட்டில் வைக்காமல் தலையிலா வைப்பார்கள்?

துறைமுகம் (கடலூர் முதுநகர்):

படகில் பட்டன் போன்தான், பிளாஸ்டிக் கவரில் சுற்றி. வளையாது. உப்புக்காற்றில் சார்ஜ் பின் மட்டும் துருப்பிடிக்கும்.

கெடிலக்கரை (கடலூர்):

எல்லோருக்கும் நன்றி. பெட்டியில் 'மெட்டல் ஃபிரேம்' என்று மட்டும்தான் போட்டிருக்கிறது, எந்த மெட்டல் என்று இல்லை.

வேறொரு கடையில் பிரித்துக் காட்டினேன். தம்பி சொன்ன அதே இடம், வால்யூம் பட்டனுக்கு நேர் கீழே சட்டத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பேட்டரி நன்றாக இருக்கிறதாம், திரையும் மேல் ஓரம் வரைக்கும் கேட்கிறது. சட்டம் மாற்ற 3,800 ரூபாய் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வளைந்தபடியே ஓடுகிறது, ஓடட்டும்.

பின் பாக்கெட்டை மட்டும் விட்டுவிட்டேன். நேற்று முதல் போன் சாப்பாட்டுப் பையில், துண்டுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில். அலாரம் அங்கேதான் அதிர்ந்திருக்கிறது. நான் கண் விழித்தபோது பஸ் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.