போனவர் ஃபைல், புதுப்பையன் பெயரில்

அச்சாபீஸ் அட்மின்:

சிவகாசியில் ஒரு டிசைன் ஆபீஸில் சர்வர் என் பொறுப்பு. சர்வர் என்றதும் கண்ணாடி அறை, ஏசி என்று நினைத்துவிடாதீர்கள். மேசைக்கு அடியில் தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அதில் உபுண்டு என்கிற லினக்ஸ், ஃபைல்களை எல்லாரும் பகிர்ந்துகொள்ள சாம்பா என்ற மென்பொருள், ஒன்பது பேருக்குக் கணக்கு. அவ்வளவுதான்.

போன வருஷம் ஆனிக் கடைசி. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும், எல்லாரும் தலை நிமிராமல் வேலை பார்க்கிற நேரம். கடைசியாகச் சேர்ந்திருந்த டிசைனர் சொல்லாமல் நின்றுவிட்டார். "அவன் கணக்க உடனே எடுத்துருப்பா" என்றார் முதலாளி. எடுத்தேன். இரண்டு நாளில் புதுப்பையன் ஒருவன் வந்தான், அவனுக்கு ஒரு கணக்கு போட்டேன். மத்தியானமே கூப்பிட்டான்.

"அண்ணே, ரேட்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. ஓனர்னு என் பேர் காட்டுது. நான் எதுவும் போடலையே?"

போய்ப் பார்த்தால், போனவர் வைத்திருந்த விலைப்பட்டியல். எந்த ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கழிவு என்பது வரை அதில் இருந்தது. அவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது என்று 700 என்ற அனுமதி எண்ணைப் போட்டு வைத்தவன் நான்தான். அதே 700 இப்போது பையனுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

லினக்ஸுக்குப் பெயரெல்லாம் நம் வசதிக்கு. அது பார்ப்பது ஒவ்வொரு கணக்குக்கும் கொடுத்திருக்கிற எண்ணை. போனவர் எண் 1008. கணக்கை நீக்கியதும் பெயர் போய்விட்டது, ஃபைல்களில் 1008 ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு தடவை ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையை அடித்துப் பார்த்திருந்தாலும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக 1008 என்று நின்றிருக்கும். புதுக்கணக்கு போடும்போது அந்தக் காலி எண்ணையே எடுத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டது சிஸ்டம்.

இப்போதெல்லாம் ஆள் போனால் முதலில் அவர் எண்ணை வைத்து முழு டிஸ்க்கையும் தேடுகிறேன். கிடைத்ததை எல்லாம் இருக்கிற ஒருவர் பெயருக்கு மாற்றுகிறேன். கணக்கை நீக்குவதில்லை, பாஸ்வேர்டைப் பூட்டி அப்படியே விட்டுவிடுகிறேன். சாம்பாவுக்குத் தனிப் பாஸ்வேர்டு என்பதால் அதையும் மறக்காமல் முடக்க வேண்டும்.

லேப்காரன்:

நான் என் கணக்கையே வெளியே தள்ளியவன். கல்லூரி லேப் சர்வரில் ஒரு புது ப்ராஜெக்ட் குரூப்பில் என்னைச் சேர்க்க, கணக்கை மாற்றியமைக்கும் யூசர்மாட் கட்டளை அடித்தேன். பெரிய ஜி போட்டேன், கூடவே போட வேண்டிய சின்ன ஏ-வை விட்டுவிட்டேன். அந்த ஏ இல்லாவிட்டால் "இதிலும் சேர்" என்று அர்த்தம் இல்லை, "இதில் மட்டும் இரு" என்று அர்த்தம். அட்மின் அதிகாரம் தரும் சூடோ குரூப்பிலிருந்து என்னை நானே கழற்றிவிட்டேன். மறுநாள் லாகின் செய்து சூடோ கேட்டபோதுதான் தெரிந்தது. வேறு அட்மின் கிடையாது. ரூட் என்ற தலைமைக் கணக்குக்குப் பாஸ்வேர்டும் இல்லை. அறைச் சாவி வைத்திருந்த அட்டெண்டர் அண்ணன் அன்றைக்கு லீவு. அவர் வந்த பிறகு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் ரெகவரி மோடில் ஏற்றிச் சரிசெய்தேன். ஐந்து நிமிட வேலை, காத்திருந்தது ஒன்றரை நாள்.

இரவு ரெண்டு மணி:

உங்களுக்கெல்லாம் ஃபைலாவது இருந்தது.

ஒரு கல்யாண ஸ்டூடியோவுக்கு பேக்கப் ஏற்பாடு செய்து கொடுத்தேன். தினமும் இரவு 2 மணிக்கு, நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் ஓடும். இடம் மிச்சமாகட்டும் என்று டெலீட்டும் சேர்த்துப் போட்டேன், அதாவது மூலத்தில் இல்லாதது நகலிலும் இருக்காது. ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்ததில் படங்கள் இருந்த டிஸ்க் செத்துவிட்டது. சர்வர் மட்டும் எழுந்துகொண்டது. டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும், அதாவது சர்வரோடு இணையாவிட்டாலும், அதன் படங்கள் தெரிய வேண்டிய ஃபோல்டர் வெறுமையாக அங்கேயே இருக்குமே! ஆர்சிங்குக்கு அது பிழையாகவே படவில்லை. மூலத்தில் ஒன்றுமில்லை, சரி, நகலிலும் ஒன்றும் வேண்டாம் என்று துடைத்துவிட்டது. காலையில் லாக்கில் எல்லாம் வெற்றி என்றுதான் இருந்தது.

மூன்று கல்யாணம். ஒன்றின் கேமரா கார்டை இன்னும் ஃபார்மேட் செய்யாமல் வைத்திருந்தார்கள், அது பிழைத்தது. இன்னொன்றில் ஆல்பத்துக்கு அனுப்பிய இருநூறு படம் கிடைத்தது. மூன்றாவது வீட்டாரிடம் ஸ்டூடியோக்காரர் என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்கிற தைரியம் இல்லை.

புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று தப்பான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டு, நம்பியிருந்த பேக்கப்புகள் உதவாமல், ஆறு மணி நேரப் பழைய நகல் ஒன்றிலிருந்து மீண்டது. அதைப் படித்துச் சிரித்தவன் நான்.

இப்போது டிஸ்க்குக்குள் "இருக்கேன்" என்ற பெயரில் ஒரு காலி ஃபைல் வைத்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் முதலில் அதைத் தேடும். கிடைக்காவிட்டால் எதையும் தொடாமல் எனக்கு மெயில் அனுப்பி நின்றுவிடும். இது போக வாரம் ஒரு முறை தனி டிஸ்க்கில் நகல் எடுத்துக் கழற்றி அலமாரியில் வைக்கிறோம்.

சாவிக்கொத்து:

அச்சாபீஸ் அண்ணே, பாஸ்வேர்டைப் பூட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். எஸ்எஸ்ஹெச் சாவி, அதாவது வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கும் சாவி ஃபைல், வைத்திருப்பவருக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை, நேராக உள்ளே வருவார். எங்கள் ஆபீஸை விட்டுப் போனவர் ஒருவர் மூன்று மாதம் கழித்து அவரே போன் போட்டு, "இன்னும் உள்ள விடுதுங்க, பாத்துக்கோங்க" என்றார். நல்ல மனுஷர். கணக்குக்குக் காலாவதித் தேதி போடுங்கள், 1 என்று போட்டால், லினக்ஸ் நாளை 1970 தொடக்கத்திலிருந்து எண்ணுவதால், 1970-லேயே காலாவதி ஆனதாக எடுத்துக்கொள்ளும்.

அச்சாபீஸ் அட்மின்:

இதைப் படித்துவிட்டு இப்போதுதான் அட்மின் கணக்கில், எந்தெந்தச் சாவிக்கு அனுமதி என்று வரிக்கு ஒன்றாக இருக்கும் ஃபைலைத் திறந்து பார்த்தேன். நாலு வரி இருக்கிறது. இரண்டு என்னுடையவை. ஒன்று யாருடையது என்று தெரியவில்லை. நாலாவதின் கடைசியில் "டிசைன் பிசி 3" என்று இருக்கிறது. அந்த பிசியை போன தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம், ஹார்ட் டிஸ்க்கோடு.