மறுமொழி: ஃபேரி பெயின்டிங் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக ‘ஃபேரி பெயின்டிங்’ என்பதற்குத் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலேய நாட்டுக்கதைகளில் வரும் ‘ஃபேரி’ என்ற மாயச் சிற்றுருவங்களை வரையும் ஓவிய வகை அது. ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> அகராதியில் ஃபேரிக்குத் தேவதை என்றுதானே இருக்கிறது? ‘தேவதை ஓவியம்’ என்று முடித்துவிடலாமே.

எனக்கு இதில் உடன்பாடில்லை, ஐயா. தேவதை என்றதும் நம் வாசகர் மனத்தில் வருவது வெள்ளை உடை, சிறகு, வரம் கொடுக்கும் கை. இந்த வகைக்கே அடையாளமாகிவிட்ட ஆங்கிலேய ஓவியர் ரிச்சர்ட் டாடின் ‘ஃபேரி ஃபெல்லர்ஸ் மாஸ்டர் ஸ்ட்ரோக்’ படத்தைப் பாருங்கள். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 54 செ.மீ., அகலம் 40 செ.மீ.கூட இல்லை. அதற்குள் ஒரு கூட்டமே அடைந்து கிடக்கிறது. நடுவில் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டி, கோடரியை ஓங்கியபடி நிற்கிறான். அவன் பிளக்கப்போவது தரையில் கிடக்கும் ஒரு கொட்டையை. ஃபேரிகளின் அரசியான மாபுக்கு அதில்தான் தேர் செய்ய வேண்டும். சுற்றி நிற்பவர்களில் கிழவர்கள், கோணல் முகக்காரர்கள், முறைப்பவர்கள் எல்லாம் உண்டு. படத்தின் குறுக்கே புல்தாள்கள் ஓடுவதால், நாமே குனிந்து புல்லை விலக்கி எட்டிப்பார்ப்பதுபோல் இருக்கிறது. இவர்களைத் தேவதைகள் என்றால் யார் ஒப்புவார்கள்?

‘அணங்கு’ அழகான சொல்தான். ஆனால் அது பெண்ணுக்கே உரியதாகிவிட்டது. கோடரிக்காரனை என்ன செய்வது?

என் பரிந்துரை ‘குறளி ஓவியம்’. குள்ள உரு, குறும்பு, மனிதருக்கு எட்டாத ஆற்றல் மூன்றும் குறளியில் இருக்கின்றன. குறளி வித்தை என்ற வழக்கால் சொல்லும் பழகியதே. ஏவல், சூனிய வாடை அடிக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அடிக்கட்டும். பழைய ஆங்கிலேய நம்பிக்கையிலும் ஃபேரிகள் குழந்தையைத் திருடிக்கொண்டு மாற்றுக் குழந்தையை வைத்துவிட்டுப் போகிறவைதான், பயத்தோடுதான் பேசினார்கள்.

இன்னொருவர் சொன்ன ‘பித்தர் ஓவியம்’ வேண்டவே வேண்டாம். டாட் 1843-இல் மனநோயின் பிடியில் தந்தையைக் கொன்றார். பெத்லெம் மனநல மருத்துவமனையிலும் பிறகு பிராட்மூர் மனநலக் காப்பகத்திலுமாக 1886-இல் இறக்கும்வரை அடைபட்டிருந்தார். மேற்சொன்ன படம் பெத்லெமில் வரைந்ததுதான். ஆனால் ஷேக்ஸ்பியர் நாடகத்து ஃபேரி அரசியைக் காட்டும் ‘உறங்கும் டைட்டானியா’வை அவர் 1841-லேயே வரைந்துவிட்டார். நோயே இல்லாத ஓவியர் ஜோசப் நோயல் பேட்டனும் டைட்டானியாவுக்கும் அவள் கணவன் ஓபெரானுக்கும் நடந்த சண்டையை வரைந்தார்; அதில் ‘ஆலிஸ்’ கதை எழுதிய லூயிஸ் கரோல் 165 உருவங்களை எண்ணியிருக்கிறார். ஒரு மனிதரின் துயரத்தை ஒரு கலைவகைக்கே பெயராக்குவது நியாயமில்லை.

அப்புறம், மனத்துள் தோன்றும் காட்சிகளை வரையும் ‘விஷனரி பெயின்டிங்’ இதைவிட விரிந்த வகை. அதற்கு ‘அகக்காட்சி ஓவியம்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ‘தரிசன ஓவியம்’ என்றால் கோயில் படம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

குறளி என்ற சொல் உங்கள் ஊர்ப் பக்கம் எந்தப் பொருளில் வழங்குகிறது என்று எழுதுங்கள். வசைச்சொல்லாக வழங்கும் இடம் ஏதும் இருந்தால், பட்டியலில் ஏற்றுமுன் அதையும் பேசிவிடலாம்.