வாங்கும் முன் பயன்படுத்திப் பார்க்கும் மென்பொருளில் எதைச் சோதிக்க வேண்டும்?

குடந்தை மண்டிக்காரர்:
கும்பகோணத்தில் என் தந்தை நடத்திய அரிசி மண்டியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கணினியில் பில் போட ஒரு மென்பொருள் வாங்க விசாரித்தபோது, ஒரு நிறுவனத்தார் நேரில் வந்து செய்துகாட்டினார்கள். இன்னொரு நிறுவனம் 14 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கட்டச் சொல்கிறது. குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் விழும் அரிசியைக் கடித்துப் பார்க்காமல் என் தந்தை ஒரு லோடு கூட இறக்கியதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்ததால் இரண்டாவது முறைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால், 14 நாளில் எதைப் பார்த்தால் தரம் தெரியும்?

கணக்காளர்:
ஐயா, விற்பவர் கையில் எடுத்து நீட்டும் அரிசிக்கும் நீங்களே மூட்டையின் அடிப்பக்கத்தில் குத்தி எடுக்கும் அரிசிக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும். செய்துகாட்டும்போது அவர்கள் காட்டுவது பத்துப் பொருளும் ஐந்து வாடிக்கையாளரும் மட்டுமே உள்ள கணக்கு. அதில் எந்த மென்பொருளும் தடுமாறாது. உங்கள் சரக்குப் பட்டியலையும் பழைய பாக்கிகளையும் ஏற்றிப் பாருங்கள்.

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயரிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அந்த 25 கிலோ வரம்பைத் தாண்டத்தான் ஆலைகள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறின என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே 10 கிலோ பை நான்கையும் 26 கிலோ சிப்பம் மூன்றையும் ஒரே வாடிக்கையாளருக்குப் பில் போட்டு, வரி எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். அடுத்து, அதில் ஒரு சிப்பம் வண்டு விழுந்து திரும்பி வந்ததாகப் பதிவு செய்யுங்கள். அச்சில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக உடைகின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

எந்தத் தேதியில் தொடங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை மாதந்தோறும் தாக்கல் செய்பவராக இருந்தால் கடைசி நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி; 30 நாள் மாதத்தில் 28ஆம் தேதி தொடங்கினால் மாத முடிவும் தாக்கலும் அந்த 14 நாளுக்குள் வந்துவிடும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பயிற்சிக்கென உள்ள எஜுகேஷனல் மோடில் மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய முடியும் என்பதால், அது கற்றுக்கொள்ள மிகவும் நல்லதே தவிர, அன்றாட வியாபாரத்தை எடைபோட உதவாது.

காரைக்கால் வாசகி:
கார்டு எண்ணோ, தானாகப் பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபே ஒப்புதலோ கேட்காத சோதனையாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஒரு கைப்பேசிச் செயலியை ஏழு நாள் இலவசம் என்று எடுத்து, மூன்றாம் நாளே பிடிக்காமல் அழித்துவிட்டேன். செயலியை அழித்தால் சந்தா நீங்காது என்பது எட்டாம் நாள் ஓராண்டுத் தொகை போன பிறகுதான் தெரிந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரம் முன்பே வர வேண்டிய அறிவிப்பு வந்துதான் இருந்தது; விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே அதை நான் திறக்கவே இல்லை. இலவசச் சந்தாவுக்காகக் கட்டண விவரத்தையோ தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதலையோ கட்டாயப்படுத்திப் பெறுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் முறைகேடான உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன. இதை அப்போதே அறிந்திருந்தால் நான் புகார் கொடுத்திருப்பேன்.

நிரலாளர்:
விற்பவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 1993 டிசம்பரில் டூம் என்ற கணினி விளையாட்டின் மூன்று பாகங்களில் முதல் பாகத்தை இலவசமாகவே பரப்பினார்கள். அதை ஆடி முடித்தவர்களே மீதிக்குப் பணம் அனுப்பினார்கள். பொருள் நன்றாக இருந்தால் இதைவிட நேர்மையான விற்பனை முறை எனக்குத் தெரியவில்லை. ஆனால் கணக்கு மென்பொருளில் ஆபத்து வேறு. எண்ணூறு வாடிக்கையாளர் பெயரை உட்கார்ந்து ஏற்றிய பிறகு, பொருள் சுமாராக இருந்தாலும் அந்த உழைப்பை விட்டு எழுந்து வர மனம் வராது. எனவே முதல் நாளே இருபது பெயரை மட்டும் ஏற்றி, அவற்றை எக்செல் கோப்பாக முழுமையாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால் மீதியை ஏற்றவே வேண்டாம்.

குடந்தை மண்டிக்காரர்:
மூவருக்கும் நன்றி. இருபது பெயரை இன்றே ஏற்றிப் பார்த்தேன். எக்செல் கோப்பு வந்தது. ஆனால் பாக்கித் தொகை இருக்க வேண்டிய பத்தி காலியாக இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அவர்களது பதில் வரும் வரை இருபத்தோராவது பெயரை ஏற்றப் போவதில்லை.