கையெழுத்து அட்டையில் மை ஒட்டவில்லை; ஸ்பிரே அடித்தால் கலங்குகிறது. உதவி தேவை

பந்துப்பிரியை:
வணக்கம். எங்கள் கைப்பந்து அணிக்காக வீட்டிலேயே டிரேடிங் கார்டு (சேகரித்து மாற்றிக்கொள்ளும் வீரர் பட அட்டை) தயாரித்துவருகிறேன். முன்பக்கம் வீராங்கனையின் படம், பின்பக்கம் விவரங்கள், படத்துக்குக் கீழே கையெழுத்துக்கென்று ஒரு வெள்ளைப் பட்டை. வடிவமைப்பிலும் அச்சிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையெழுத்து வாங்கும்போதுதான் எல்லாம் கெடுகிறது.

எல்லாமே இங்க்ஜெட் பிரிண்டரில், கிளாஸி போட்டோ தாளில் அச்சிட்டவை. பாதிக்கு மேலே பளபளப்பான லேமினேஷன் போட்டேன். மீதியை அப்படியே விட்டுவிட்டேன். எழுதியது கறுப்பு பெர்மனன்ட் மார்க்கர்.

லேமினேஷன் போட்டவற்றில் மை திட்டுத் திட்டாக ஒதுங்கி நிற்கிறது. கோட்டின் நடுவே வெள்ளை தெரிகிறது. காய்ந்த பிறகும் கட்டைவிரல் பட்டால் இழுவிவிடுகிறது. போடாதவற்றில் கையெழுத்து அழகாகவே விழுந்தது. பாதுகாப்புக்காக மேலே அக்ரிலிக் ஸ்பிரே அடித்ததும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்புக் கோட்டைச் சுற்றி ஊதா நிறம் படர்ந்துவிட்டது.

இன்னொன்று. எங்கள் அணித்தலைவி வெளியூருக்குக் குடிபோய்விட்டார். அவருடைய கையெழுத்து ஒரே ஒரு அட்டையில்தான் இருக்கிறது. அதுவும் லேமினேஷன் போட்டது. அதைக் காப்பாற்ற வழி உண்டா?

மைக்கூடு:
முதலில் தலைவியின் அட்டையை எடுத்து, எதுவும் மேலே படாதபடி தட்டையாக வைத்துவிடுங்கள். ஸ்பிரே, டேப், இன்னொரு லேமினேஷன் எதுவும் வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இரண்டு கேள்விகள். கையெழுத்து வாங்குமுன் அட்டைகள் எத்தனை கைகள் மாறின? காய்ந்தபின் எந்த உறையில் போட்டீர்கள்?

பந்துப்பிரியை:
கை மாறாத அட்டையே இல்லை. எல்லோரும் எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். உறை, கடையில் கிடைத்த மெல்லிய வழவழப்பான பிளாஸ்டிக். வாடை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

மைக்கூடு:
நினைத்தேன். அந்த வாடையும் வழவழப்பும் பிவிசியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிவிசியை வளையச் செய்வதற்காகச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து வெளியே வரும். மார்க்கர் மையையும் லேசர் பிரிண்டரின் தூள் மையான டோனரையும் அது இளக்கி உறையோடு ஒட்டவைத்துவிடும். பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்; 'பிவிசி இல்லை, அமிலம் இல்லை' என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள்.

இனி மைக்கு வருவோம். பெர்மனன்ட் மார்க்கர் என்பது ஆல்கஹாலில் கரைத்த சாயம். ஆல்கஹால் ஆவியானதும் சாயம் தாளின் நுண்துளைகளில் தங்க வேண்டும். லேமினேஷன் படலத்தில் துளையே கிடையாது. சாயம் மேலே கிடக்கிறது, அவ்வளவுதான். அதோடு விரல் எண்ணெயும் சேர்ந்துகொண்டால் மை முத்து முத்தாகத் திரளாமல் என்ன செய்யும்?

ஸ்பிரே விஷயமும் இதன் மறுபக்கம்தான். அக்ரிலிக் ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் காய்ந்த சாயத்தை மறுபடி இளக்கிவிடும். கறுப்பு மை பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. அவற்றில் வேகமாக ஓடுவது முதலில் வெளியே வரும். நீங்கள் பார்த்த ஊதா அதுதான். ஸ்பிரே அடித்தே ஆக வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன்னால் அடியுங்கள்: மேட் (பளபளப்பில்லாத) வகை, தள்ளி நின்று, மெல்லிய பூச்சுகளாக. முழுக்கக் காய்ந்த பிறகு அதன் மேல் கையெழுத்து. அதற்கு மேல் எதுவும் வரக்கூடாது.

வெட்டுக்கத்தி:
மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தாளை மாற்றினால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி வரவே வராது. கிளாஸி தாளை விட்டுவிட்டு மேட் பூச்சுள்ள போட்டோ தாளுக்கு வாருங்கள். பூச்சே இல்லாத சாதாரண அட்டையும் வேண்டாம். அதில் மை நார்வழியே ஓடிக் கோடு தடித்துவிடும். கையெழுத்துப் பட்டையில் அச்சு மையே இல்லாமல் வெறும் வெள்ளையாக விடுங்கள். லேசரில் அச்சிடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டோனர் என்பது உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக். அதன்மேல் எழுதினால் லேமினேஷன்மேல் எழுதிய கதைதான்.

இன்னொரு யோசனை. முடித்து வெட்டிய அட்டையில் கையெழுத்து வாங்காதீர்கள். அச்சிட்ட தாளை வெட்டாமல் அப்படியே நீட்டுங்கள். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுவதால் விரல் படாது. எழுதுபவருக்கும் கை வைக்க இடம் கிடைக்கும். கெட்டுப்போனால் ஒரு தாள்தான் நட்டம். முன்தாளையும் பின்தாளையும் ஒட்டி, வெட்டி, மூலை மழுக்கிய உழைப்பு வீணாகாது.

சேகரிப்பாளன்:
வெட்டுக்கத்தி சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். கையெழுத்துள்ள தாளின் பின்புறத்தில் பசை தடவி அழுத்தித் தேய்க்கும்போது முன்புறம் மேசையில் உரசுமே? நான் எப்போதும் ஸ்டிக்கர் கட்சி. ஊடுருவித் தெரியும் மேட் லேபிளில் கையெழுத்து வாங்கிவிட்டு, காய்ந்தபின் அட்டையில் ஒட்டிவிடுவேன். பெரிய கார்டு நிறுவனங்களே வீரர்களுக்கு ஸ்டிக்கர் தாள்களை அனுப்பிக் கையெழுத்து வாங்கிப் பிறகு ஒட்டுகின்றன. வெளியூர் போன தலைவிக்கு ஒரு லேபிள் தாளைத் தபாலில் அனுப்பினால் போதுமே?

வெட்டுக்கத்தி:
தபால் யோசனை அருமை. உரசல் கவலைக்கு, மேசையில் மெழுகுத்தாள் விரித்துக்கொண்டால் போதும். தேய்ப்பதற்குப் பதில் கனமான புத்தகங்களை மேலே அடுக்கலாம். பசையும் திரவமாக வேண்டாம், இருபக்கமும் ஒட்டும் பசைத்தாள் போதும். நீர்ப்பசை தடவினால் அட்டை வில்லாக வளையும்.

ஸ்டிக்கரை நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் அட்டையிலேயே விழுந்த கையெழுத்துக்கு உள்ள மதிப்பு வேறு. 1990-இல் அப்பர் டெக் நிறுவனம், ரெஜி ஜாக்சன் தம் கையால் கையெழுத்திட்டு எண்ணிட்ட 2,500 பேஸ்பால் கார்டுகளைப் பொதிகளுக்குள் கலந்து விட்டது. அத்தனையும் நேரே அட்டையில் போட்டவை. இன்றும் சேகரிப்பவர்கள் அதைப் பேசுகிறார்கள்.

நிழற்படம்7:
இவ்வளவு பாடு எதற்கு? தலைவியின் கையெழுத்தை ஸ்கேன் செய்து எல்லா அட்டைகளிலும் அச்சடித்துவிடலாமே.

சேகரிப்பாளன்:
செய்யலாம், பின்பக்கம் 'கையெழுத்தின் அச்சுப் பிரதி' என்று போட்டுவிட்டு. அப்படிப் போடாமல் விட்டால், சில ஆண்டுகள் கழித்து அது யார் கைக்கோ போய் அசலென்று விலைபோகும். அணிக்குள் சுற்றும் அட்டைதானே என்று விடாதீர்கள். காகிதம் நம்மைவிட அதிகம் ஊர் சுற்றும்.

பந்துப்பிரியை:
அனைவருக்கும் நன்றி. அச்சுப் பிரதி வேண்டாம் என்று அணியிலும் சொல்லிவிட்டார்கள். தலைவிக்கு லேபிள் தாள் அனுப்பப் போகிறேன். லேமினேஷன் போட்ட மற்ற அட்டைகளைத் தூக்கி எறிவதா, மீட்க முடியுமா? எழுதியவர்கள் எல்லோரும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். மறுபடி கேட்டால் போட்டுத் தருவார்கள்.

மைக்கூடு:
எறியாதீர்கள். உங்களுக்குத் தொல்லை கொடுத்த அந்த வழவழப்பே இப்போது உதவும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாக நனைத்துத் துடைத்தால் மார்க்கர் மை வழித்துக்கொண்டு வந்துவிடும். நடுவிலிருந்து தொடங்குங்கள்; விளிம்புக்குப் போகாதீர்கள். அட்டையோடு சேர்த்து வெட்டிய லேமினேஷனில் ஓரம் திறந்தே இருக்கும். அங்கே ஆல்கஹால் இறங்கினால் இங்க்ஜெட் மை உள்ளுக்குள் கரையும். கலங்கிப்போன ஓரத்தை யாராலும் திருத்த முடியாது. ஒரு கழிவு அட்டையில் முதலில் செய்து பாருங்கள். லேமினேஷன் இல்லாத அட்டைகளில் இதை முயலவே வேண்டாம். கையெழுத்தோடு படமும் வந்துவிடும்.

துடைத்த இடம் உலர்ந்ததும் எண்ணெய் சார்ந்த பெயின்ட் மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். நிறமியும் பிணைப்பானும் சேர்ந்த மை அது, பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும். நன்றாகக் குலுக்கி, முனையை வேறு தாளில் அழுத்தி மை சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே அட்டைக்கு வர வேண்டும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தாற்போல இருக்கும், நம்பாதீர்கள். ஒரு நாள் முழுக்க உறையில்லாமல் விடுங்கள். படத்தின் இருண்ட பகுதியில் எழுதுவதானால் வெள்ளி நிறம் எடுப்பாக இருக்கும்.

சேகரிப்பாளன்:
கிளாஸி பரப்பில் எழுதுவதற்கு முன் சேகரிப்பவர்கள் செய்யும் ஒரு வேலையும் உண்டு. முகப்பவுடரைத் துளி எடுத்துப் பட்டையில் மெல்லத் தேய்த்து, சுத்தமான மென்துணியால் முழுக்கத் துடைத்துவிடுவார்கள். விரல் எண்ணெய் போய்விடும். தூள் மிச்சமிருந்தால் மார்க்கர் முனை அடைத்துக்கொள்ளும்.

பந்துப்பிரியை:
கழிவு அட்டையில் துடைத்துப் பார்த்தேன். மை சுவடில்லாமல் போய்விட்டது. வேண்டுமென்றே ஓரத்தில் ஒரு சொட்டு விட்டும் பார்த்தேன். நீலச் சீருடை உள்ளே கசிந்து நிற்கிறது. எச்சரித்தது நல்லதாயிற்று. பெயின்ட் மார்க்கர் கோடு விரலால் அழுத்தியும் நகரவில்லை.

புதிய அட்டைகளுக்கு மேட் தாள் வாங்கப்போகிறேன். அளவும் கனமும் எவ்வளவு வைக்கட்டும்? இப்போது இருப்பவை கையில் பிடித்தால் தொளதொளவென்று இருக்கின்றன. தலைவியின் பழைய அட்டையை எதில் வைப்பது?

வெட்டுக்கத்தி:
அளவு 2.5 × 3.5 அங்குலம். 1957-இல் டாப்ஸ் நிறுவனம் தன் பேஸ்பால் கார்டுகளுக்கு எடுத்துக்கொண்ட அளவு. உறைகளும் டாப்லோடர்களும் (மேல்பக்கம் திறந்த கெட்டி பிளாஸ்டிக் உறைகள்) பெரும்பாலும் இதற்கே செய்யப்படுகின்றன. வெட்டும்போது பிசகினாலும் வெள்ளை தெரியாமலிருக்க ஒவ்வொரு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக அச்சிடுங்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 825 × 1125 பிக்சல். கையெழுத்துப் பட்டையை வெட்டுக்கோட்டுக்கு மிக அருகே கொண்டுபோக வேண்டாம்.

சாதாரண அட்டையின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். முன்தாள், பின்தாள் இரண்டையும் ஒட்டினாலே அதை எட்டிவிடலாம். குறைந்தால் நடுவே ஒரு மெல்லிய அட்டை. தாளின் நார் ஓடும் திசை எல்லா அடுக்கிலும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் ஈரப்பதம் மாறும்போது அட்டை முறுக்கும். எந்தத் திசைக்கு இணையாக மடித்தால் எளிதாக வளைகிறதோ அதுவே நாரின் திசை. வெட்டுவதற்குப் புது பிளேடும் ஸ்டீல் ஸ்கேலும் வேண்டும். ஒரே அழுத்தாக இல்லாமல் நான்கைந்து இழுப்பில் வெட்டுங்கள்.

தலைவியின் அட்டைக்குக் காந்தம் வைத்த கெட்டிப் பெட்டி. அட்டையின் தடிமனைவிடச் சற்று ஆழமான குழியுள்ளதாக வாங்குங்கள். மூடி கையெழுத்தைத் தொடக்கூடாது. ஆழம் மிகுதியானால் அட்டை உள்ளே ஆடும். ஓரங்களில் மட்டும் மெல்லிய அட்டைச் சட்டம் வைத்தால் ஆடாது. வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். மார்க்கர் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும்.