அம்மா திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மாதம் வருகிறார்: மருந்தை அங்கிருந்தே கொண்டுவருவதா, இங்கே வாங்குவதா?

பொங்கோல்_கார்த்தி:

அம்மாவுக்கு 67 வயது. குழந்தை பிறப்பை ஒட்டி வந்து நான்கு மாதம் இருப்பார். சாப்பிடும் மருந்துகள்: சர்க்கரைக்கு கிளைகோமெட் 500 எஸ்ஆர் காலை ஒன்று, இரவு ஒன்று, பிரஷருக்கு டெல்மா-ஏஎம் ஒன்று, தைராய்டுக்கு தைரோநார்ம் 50, தூக்கத்துக்கு அல்பிராக்ஸ் 0.25. இன்சுலின் ஹியூமன் மிக்ஸ்டார்ட் 30/70, குப்பியிலிருந்து எடுத்துப் போடுவது, காலை 20 யூனிட், இரவு 10 யூனிட்.

எவ்வளவு கொண்டுவர விடுவார்கள்? தீர்ந்துபோனால் திருச்சி டாக்டரின் சீட்டைக் காட்டி இங்குள்ள மருந்துக் கடையில் வாங்கலாமா? இல்லை, ஊரிலிருந்து வருகிற தெரிந்தவரிடம் கொடுத்துவிடச் சொல்லலாமா?

மருந்துச்சீட்டு:

முதலில் அல்பிராக்ஸைக் கவனியுங்கள், மற்றவை பிறகு. அதில் இருப்பது அல்பிரஸோலம். இங்கே அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. பத்தே மாத்திரை என்றாலும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆணையத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பித்து, டாக்டரின் சீட்டை இணைத்து, பயணத்துக்குக் குறைந்தது 10 வேலை நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். மூன்று, நான்கு வாரம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது, சீட்டு தெளிவாக இல்லாவிட்டால் திருப்பிக் கேட்பார்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் அனுமதிக் கடிதத்தோடு சுங்கச் சோதனையின் சிவப்புத் தடத்துக்குப் போய்த் தெரிவிக்க வேண்டும்.

"வம்பு எதற்கு, அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்" என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். பல மாதமாகத் தினமும் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடுவதோடு போகாது. பதற்றம், நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். நிறுத்துவதென்றால் அங்குள்ள டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதற்கே சில வாரம் பிடிக்கும். இங்கே ஒரு ஜிபியிடம் (பொது மருத்துவரிடம்) போய்த் தொடர்ந்து எழுதித் தரச் சொன்னால் எளிதில் எழுத மாட்டார்கள். இந்த வகை மருந்துக்கு சுகாதார அமைச்சின் வழிகாட்டுதல் கடுமையானது.

மற்ற மாத்திரைகளுக்குச் சொந்த உபயோகத்துக்காக மூன்று மாத அளவுவரை அனுமதி உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நான்காவது மாதத்துக்கு இங்கே வாங்கிக்கொள்ளலாம். 90 நாளுக்கு கிளைகோமெட் 180, டெல்மா-ஏஎம் 90, தைரோநார்ம் 90. இந்தச் சலுகை கொண்டுவருபவரின் சொந்த மருந்துக்கு மட்டும்தான், ஆகவே தெரிந்தவர் பெட்டியில் கொடுத்துவிடுவதை மறந்துவிடுங்கள். சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர், ஆனால் சீட்டில் இருப்பதோ அம்மாவின் பெயர்.

திருச்சியில் வாங்கும்போது முழு அட்டையாக வாங்கச் சொல்லுங்கள். வெட்டிக் கொடுத்தால் காலாவதித் தேதி உள்ள துண்டு கடையிலேயே தங்கிவிடும். பில் அவசியம், அதில் பேட்ச் எண் இருக்கும். இந்தியாவில் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து கியூஆர் குறியீடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர், பேட்ச், காலாவதித் தேதி தெரியும். அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துவர வேண்டாம், பெயரில்லாத மாத்திரையை எந்த அதிகாரியும் எந்த டாக்டரும் அடையாளம் காண முடியாது.

டாக்டரின் கடிதம் ஆங்கிலத்தில், தட்டச்சில், கடப்பிதழில் உள்ள அதே பெயரோடு இருக்கட்டும். ஒவ்வொரு மருந்துக்கும் பொதுப்பெயரும் அளவும் வேண்டும்: மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகை, டெல்மிசார்ட்டன் 40 உடன் அம்லோடிபின் 5, லெவோதைராக்ஸின் 50 மைக்ரோகிராம். பிராண்டுப் பெயர் மட்டும் எழுதினால் இங்குள்ள டாக்டர் ஊகிக்க வேண்டிவரும். டெல்மா, டெல்மா-ஏஎம், டெல்மா-எச் மூன்றும் வெவ்வேறு மருந்து. வால் எழுத்தை விட்டுவிட்டால் அம்மாவுக்குப் பாதி மருந்து கிடைக்காமல் போகும்.

திருச்சி சீட்டை வைத்து இங்கே மருந்துக் கடையில் வாங்க முடியாது. இங்கே பதிவு பெற்ற டாக்டர் எழுதியிருக்க வேண்டும். அருகிலுள்ள ஜிபி மருந்தகத்துக்கு (கிளினிக்குக்கு) அந்தக் கடிதத்தோடு கூட்டிப் போங்கள். பலதுறை மருந்தகத்துக்கும் (பாலிகிளினிக்) போகலாம், வருகையாளருக்குக் கட்டணச் சலுகை கிடையாது. ஜிபி பெரும்பாலும் தன்னிடமுள்ள மருந்தையே கொடுப்பார். விலை அதிகம் என்று பட்டால் சீட்டு மட்டும் எழுதித் தரக் கேளுங்கள், கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி கடைகளில் மருந்தாளர் இருக்கும் கிளையில் வாங்கலாம். எல்லாக் கிளையிலும் மருந்தாளர் இல்லை, இருக்கும் கிளையிலும் அவருக்கு நேரம் உண்டு, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

தாதி_ஜூரோங்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. இன்சுலினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உயிருக்கு ஆபத்து இருப்பது அதில்தான்.

இந்தியாவில் மிக்ஸ்டார்ட் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி போட்டது. சிங்கப்பூரில் கிடைப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட், சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே வாங்கிய 100 யூனிட் குப்பியிலிருந்து ஊர் சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் அது அரை மில்லி. உடம்புக்குள் போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. இரவு ஊசியில் இப்படி நடந்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி நினைவு தப்பிவிடும், தூக்க மாத்திரை போட்டவர் என்பதால் வீட்டிலுள்ளவர்களுக்கும் தெரியாது. மறுபக்கம், ஊர்க் குப்பியை இங்கு வாங்கிய சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், "அம்மா இங்கே வந்து இனிப்பு சாப்பிடுகிறார்" என்று வீட்டில் அவரைக் குறை சொல்வார்கள்.

ஆகவே ஊர்க் குப்பியோடு அத்தனை நாளுக்கும் போதுமான ஊர் சிரிஞ்சும் வர வேண்டும். நாளுக்கு 30 யூனிட், 90 நாளுக்கு 2,700. 10 மில்லிக் குப்பியில் 400 யூனிட், ஆக ஏழு குப்பி. இங்கே வாங்கத் தொடங்கும் அன்று வீட்டிலுள்ள சிவப்பு மூடி சிரிஞ்சுகளை ஒன்றுவிடாமல் அப்புறப்படுத்துங்கள்.

குப்பிகள் கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் வேலை செய்யாது. பனிக்கட்டிப் பொதியோடு ஒட்டி வைக்காமல் நடுவில் துணி சுற்றுங்கள். வீட்டில் 2 முதல் 8 பாகை, குளிர்பெட்டியின் கதவுத் தட்டிலோ பின்சுவரை ஒட்டியோ வேண்டாம்.

பொங்கோல்_கார்த்தி:

மிக்க நன்றி, இருவருக்கும். யூனிட் வித்தியாசம் எனக்குத் தெரியவே தெரியாது. இன்னும் இரண்டு. நான்காவது மாதத்துக்கு ஜேபியில் (மலேசியாவின் ஜொகூர் பாருவில்) வாங்கினால் மலிவு என்கிறார்கள், சரிதானா? அம்மாவுக்கு மூட்டுவலியும் உண்டு, அங்கே ஒரு மூலிகை மாத்திரை நன்றாகக் கேட்கும் என்றும் சொல்கிறார்கள்.

உட்லண்ட்ஸ்_வாசு:

ஜொகூர் பாருவில் மருந்து வாங்குவதில் தவறில்லை, எங்கே எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தால். மலேசியாவில் பதிவான மருந்துப் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும், கூடவே ஃபார்மாடேக் என்ற ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். அந்த எண்ணை மலேசிய மருந்து ஒழுங்குமுறை முகவையின் இணையத்தளத்தில் போட்டால் பெயர் வர வேண்டும். வேறு மருந்தின் பெயர் வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அங்கே 'சி' பிரிவு மருந்தை மருந்தாளரே பதிவு செய்துவிட்டுக் கொடுப்பார், 'பி' பிரிவுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டே இல்லாமல் எதையும் எடுத்துக் கொடுக்கிற கடை என்றால் மற்ற விதிகளையும் எப்படிக் கடைப்பிடிக்கிறது என்று யோசியுங்கள். திரும்பி வரும்போதும் அதே மூன்று மாத வரம்பு, அதே அனுமதி விதி.

மூலிகை மாத்திரை மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். மூட்டுவலிக்கு இரண்டே நாளில் "அதிசயமாக" கேட்கும் பொட்டலங்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை இங்குள்ள ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி போகும், பசி கூடும், முகம் உப்பும், சர்க்கரையும் பிரஷரும் எகிறும். இன்சுலின் போடுகிறவருக்கு அது இரட்டைக் கேடு. வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும், மயங்கி விழுவார்கள். ஏற்கெனவே சாப்பிட்டவர் யாராவது இருந்தால் பொட்டலத்தோடு டாக்டரிடம் போகட்டும், தானாக நிறுத்த வேண்டாம்.

இப்படிப்பட்ட கலப்படம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம்: 2008இன் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரில் நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நால்வர் இறந்தார்கள். சட்டவிரோத ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. அட்டையில் அந்தப் பெயர் எங்கும் இல்லை.

ஊரிலிருந்து வரும்போது வலிக்கு நைஸ் மாத்திரை வைத்துக்கொண்டு வருகிற பழக்கம் பலருக்கு உண்டு. அதிலுள்ள நிமசுலைடு கல்லீரலைக் கெடுப்பதால் இங்கே விற்பதில்லை. டெல்மிசார்ட்டன் சாப்பிடும் நீரிழிவுக்காரருக்கு அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். பாராசிட்டமால் போதும் என்று டாக்டர் சொன்னால், டோலோவில் 650, பனடோலில் 500 என்பதை நினைவில் வையுங்கள். நாளுக்கு மொத்தம் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரையிலும் அது இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

தாதி_ஜூரோங்:

கார்த்தி, இன்னும் நேரம் இருப்பதால் ஒன்று கேட்டுப் பாருங்கள். அம்மாவைக் குப்பியிலிருந்து இன்சுலின் பேனாவுக்கு மாற்ற முடியுமா என்று திருச்சி டாக்டரிடம் பேசுங்கள். பேனாவுக்கான 3 மில்லி கார்ட்ரிட்ஜ் அங்கேயும் 100 யூனிட் செறிவுதான், இங்கேயும் அதேதான். யூனிட் அளவைத் திருகி வைத்துப் போடுவதால் சிரிஞ்சுக் குழப்பமே வராது. ஒவ்வொரு ஊசிக்கும் முன் 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும், அதற்கு மட்டும் 90 நாளில் 360 யூனிட் போகும். மொத்தம் 3,060, கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்கு 300, ஆகவே பதினொன்று வாங்கச் சொல்லுங்கள். ஊசி முனை 180. பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே மாற்றிவிட்டால், சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது என்று அந்த டாக்டரே பார்த்துச் சரிசெய்துவிடுவார்.