பாரிமுனைத் தூணும் பூக்கடை அம்மாவும்

சென்னை வாரம் வந்தால் எங்கள் பகுதி மரபுக் குழு ஜார்ஜ் டவுனில் நாலைந்து இடங்களில் தற்காலிகத் தகவல் பலகை வைக்கும். போன ஆகஸ்டில் பாரிமுனைப் பலகை என் பொறுப்பு. டேர் ஹவுஸை ஒட்டி நிற்கும் எல்லைத் தூண் பற்றியது.

1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது, வடக்கே நெருக்கமாக இருந்த கறுப்பர் நகரத்து (இந்தியர்கள் குடியிருந்த பகுதி) வீடுகள்தான் அவர்களுக்கு மறைவிடம். முற்றுகை விலகியதும் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த வீடுகளை அப்புறப்படுத்தியது. இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773இல் ஆறு தூண்களை நட்டது. மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பலகையில் இவ்வளவும் தமிழில், பெரிய எழுத்தில் இருந்தது.

மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். முடித்ததும், "சரி சார், வீட்ட இடிச்சாங்க. அந்த ஜனங்க எங்க போனாங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பூக்கூடையோடு நின்றிருந்த ஒரு அம்மா பதில் சொல்லிவிட்டார். "சாமியே எடம் மாறிச்சு, ஜனங்க மாறாமலா? எங்க பட்டணங்கோயில் முன்னாடி கோர்ட்டு இருக்கிற எடத்துலதான் இருந்துச்சாம். எங்க ஆயா சொல்லும்."

அவர் சொன்னது அப்படியே உண்மை. பட்டணங்கோயில் என்கிற சென்னகேசவப் பெருமாள் கோயில் முன்பு இருந்த இடம் இன்றைய உயர் நீதிமன்ற வளாகம். மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, தேவராஜ முதலித் தெருவில் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் அடுத்தடுத்து புதுக் கோயில்கள் எழுந்தன. மக்கள் முத்தியாலுப்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை பக்கம் குடியேறினார்கள். அந்தப் பகுதிதான் 1906இல் ஜார்ஜ் டவுன் ஆனது. வண்டிக்காரர், "அப்போ எங்க பேட்டைக்கே அங்கிருந்துதான் வந்தாங்களா!" என்று தூணை இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தார்.

நகரத்து நினைவுப் பலகைகளில் தளபதி பெயர் இருக்கும், வருஷம் இருக்கும். முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 அன்று குண்டு வீசியதற்கு நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு உண்டு. அதற்குப் பயந்து ஊரைக் காலி செய்த குடும்பங்களின் கதையை அங்கே நின்று யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. இடம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே அந்த வழியாகத் தினமும் நடக்கிறார்கள்?

அன்று சாயந்திரமே குழுவில் பேசினோம். அடுத்த பலகையில் "இங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள்" என்று தனிப் பத்தி வரும். கோயில் தெருவுக்கும் ஒரு பலகை. அதற்கு வாசகம் எழுதும்போது பூக்கடை அம்மாவும் உடன் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். காலை வியாபாரம் முடிந்து பதினோரு மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்.