பொருள்: மறுமெருகா, மறுநேர்த்தியா? தோட்டத்து பெஞ்சுக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

ம. (கோவை) எழுதியது:

கலைச்சொல் குழும அன்பர்களுக்கு வணக்கம். தச்சுத் தொழில் பழகும் மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கடைசி அத்தியாயம் தோட்டத்தில் போடும் மரச் சாமான்களைப் பற்றியது. வெளியே கிடந்து நிறம் போய், தொட்டால் சொரசொரக்கும் தேக்கு பெஞ்சுகளையும் நாற்காலிகளையும் கழுவி, தேய்த்து, மறுபடி எண்ணெயோ வார்னிஷோ கொடுத்து எடுக்கிற வேலை.

இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று வெதரிங், அதாவது வெயிலிலும் மழையிலும் கிடந்து மரம் மாறிப்போவது. இன்னொன்று ரீஃபினிஷிங், அதாவது மேல்பரப்பை மறுபடி பூசி எடுப்பது. முதலாவதற்குப் பள்ளிப் புவியியல் புத்தகத்தில் 'வானிலைச் சிதைவு' இருக்கிறது. இரண்டாவதற்குப் 'புதுப்பித்தல்' என்று எழுதிவிடலாம், ஆனால் அதே அத்தியாயத்தில் ரெஸ்டோரேஷனும் வருகிறது. ஒடிந்த காலை மாற்றுவது, ஆடுகிற மூட்டை இறுக்குவது அந்த வகை. மேல்பரப்பை மட்டும் புதிதாக்குவது இந்த வகை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர்கள் குழம்புவார்கள். கை கொடுங்கள்.

புலவர் வை. (கும்பகோணம்) எழுதியது:

அன்பு மகளுக்கு, 'வானிலைச் சிதைவு' பாறைக்குச் சரி. மரத்துக்கு அது அநியாயம். வெயிலில் கிடந்த தேக்கு சாம்பல் நிறமாகிறது. அதை 'நரைத்தல்' என்று சொல்ல நமக்கு என்ன தடை? பிசிராந்தையார் 'யாண்டு பலவாக நரையில ஆகுதல்' என்று தொடங்குகிற புறப்பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். வயதானதைக் குறிக்கிற சொல், கெட்டுப்போனதைக் குறிப்பதில்லை. 'மரநரை' என்று துணிந்து போடுங்கள்.

இரண்டாவதற்கு 'மறுமெருகு'. மெருகு என்பது மெழுகு என்பதன் திரிபு என்பது என் நெடுநாள் கருத்து. தரையை மெழுகுகிறோம், தேன்மெழுகு என்கிறோம், மெழுக்கு என்றால் பூச்சு. ழகரம் ரகரமாகத் திரிவதற்கு வட்டார வழக்கில் சான்றுகள் உண்டு; தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கு. (இலண்டன்) எழுதியது:

ஐயா, தனி மடல் மெதுவாக வரட்டும். ஆனால் 'நரை'க்கு அறிவியலும் துணை நிற்கிறது. மரத்தின் இழைகளைப் பிடித்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதை உடைக்கிறது. உடைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ் இழை. அதன் மேல் கரும்பூஞ்சை படியும்போது சாம்பல் நிறம் வருகிறது. இவ்வளவும் நடப்பது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழத்தில்தான். பூச்சில்லாமல் வெளியில் நிற்கும் ஊசியிலை மரங்களே நூறு ஆண்டில் ஏறக்குறைய 6 மி.மீ. தான் தேயும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடியில் இருக்கிற தேக்கு அப்படியே இருக்கும்.

இங்கே பூங்காக்களில் தேக்கு பெஞ்சுகளை நரைத்தபடியே விட்டுவிடுகிறார்கள். அந்த வெள்ளி நிறத்துக்காகவே வாங்குகிறவர்களும் உண்டு. 'சிதைவு' என்று தலைப்பிட்டால் படிக்கிற பையன் முதல் வேலையாக உப்புத்தாளை எடுப்பான். தேய்க்காமல் விடுவதும் ஒரு வழி என்பது அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

செ. (குன்னூர்) எழுதியது:

வணக்கம். நான் தச்சன். இந்தக் குழுவில் சும்மா படித்துக்கொண்டிருப்பவன். இந்த விஷயத்தில் பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பட்டறையில் நாலு சொல் உண்டு. வெளுத்தது, வெடித்தது, இத்துப்போனது, உளுத்தது. வெயிலில் நிறம் போனால் வெளுத்தது. நனைந்தும் காய்ந்தும் முனைகளில் பிளவு விட்டால் வெடித்தது. கால் ஈர மண்ணில் நின்று மெத்தென்று ஆனால் இத்தது. பூச்சி அரித்து மாவு கொட்டினால் உளுத்தது. பங்களாக்காரர் கூப்பிட்டு பெஞ்ச் கெட்டுப்போச்சு என்பார். நான் முதலில் பேனாக்கத்தி முனையைக் காலின் அடியில் குத்திப் பார்ப்பேன். ஏறாமல் நின்றால் வெளுத்ததுதான், ஒரு நாளில் சரி பண்ணலாம். வெண்ணெய்க்குள் போவது போலப் போனால் அது இத்தது. அந்தத் துண்டை வெட்டிப் புதுக்கட்டை ஒட்டாமல் எண்ணெய் போட்டுப் பயனில்லை. 'சிதைவு' என்ற ஒரே சொல் இந்த நாலையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. புலவர் ஐயா சொன்ன நரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வேலைக்கு வருகிற பையன்களுக்கு 'வெளுத்தது' போதும்.

அப்புறம், மறுமெருகு வேண்டாம். மெருகு என்றால் பளபளப்பு. வெளியில் கிடக்கிற பெஞ்சில் பளபளப்பு நிற்காது. வார்னிஷ் அடித்தால் அழகாக இருக்கும், கொஞ்ச நாளில் வெயிலில் வெடித்துச் செதில் செதிலாக உரியும். அதைச் சுரண்டி எடுப்பது தனிப் பாடு. எண்ணெய் மேலே நிற்காது, உள்ளே இறங்கும். நாங்கள் எண்ணெய் 'ஊட்டுவது' என்போம். மறு ஊட்டு, மறுபாலிஷ், எது வேண்டுமானாலும் வையுங்கள்.

ம. (கோவை) எழுதியது:

செ. அண்ணா, நாலு சொல்லையும் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடுகிறேன், மிக்க நன்றி. ஆனால் 'மறுபாலிஷ்' எனக்குப் பயமாக இருக்கிறது. பாலிஷ் என்றால் மாணவர்களுக்கு பிரெஞ்சு பாலிஷ், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்குதான் நினைவுக்கு வரும். அதில் தண்ணீர் பட்டால் வெள்ளை பூத்துவிடும். மழையில் கிடக்கிற பெஞ்சுக்கு அதைப் பூசிவிட்டு என் புத்தகத்தைத் திட்டுவார்கள்.

த. (மதுரை) எழுதியது:

எல்லாரும் மெருகு, நரை என்று சண்டை போடுகிறீர்கள். 'பெஞ்ச்' மட்டும் யார் கண்ணிலும் படவில்லையா? 'விசிப்பலகை' என்ற அருமையான சொல் இருக்கிறது. வார்னிஷுக்கு 'மெருகெண்ணெய்'. கலைச்சொல் குழுவே கடன் சொல்லில் உட்கார்ந்திருந்தால் யார் தமிழில் எழுதுவது?

செ. (குன்னூர்) எழுதியது:

தம்பி, விசிப்பலகைக்கு உப்புத்தாள் போடு என்று சொன்னால் பையன் என் முகத்தைப் பார்ப்பான்.

ப. (தொரந்தோ, ஊர் யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கட ஊரிலை பெஞ்சுக்கு 'வாங்கு' எண்டுதான் சொல்லுறது. பள்ளிக்கூடத்திலை வாங்கிலை ஏறி நிண்ட ஆக்களுக்கு விளங்கும். மதுரைத் தம்பி அதை எடுத்துக்கொள்ளலாம்.

த. (மதுரை) எழுதியது:

அக்கா, அற்புதம்! வாங்கு! வளைவு என்ற பொருளில் 'வாங்கு' சங்க இலக்கியத்தில் இருக்கிறதே. சாய்மானம் வளைந்திருப்பதால் வந்த பெயராக இருக்கும். விசிப்பலகையைத் திரும்பப் பெறுகிறேன். 'வாங்கு' என்று போடுங்கள்.

கு. (இலண்டன்) எழுதியது:

த., கொஞ்சம் பொறுங்கள். வாங்கு போர்த்துக்கீசிய 'பாங்கோ'. அலமாரி, சாவி, மேசை, ஜன்னல் வந்த கப்பலில் வந்ததுதான் அதுவும்.

ஆனால் வேடிக்கை ஒன்று இருக்கிறது. அதே போர்த்துக்கீசியர்தான் நம் கரையிலிருந்து 'தேக்கு' என்ற சொல்லைத் 'தேகா' என்று எடுத்துப்போனார்கள். அது ஆங்கிலத்துக்குப் போய் டீக் ஆனது. ஆக, 'தேக்கு வாங்கு' என்று எழுதினால் நாம் கொடுத்த சொல்லும் வாங்கிய சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு காலத்தில் இங்கே பழைய போர்க்கப்பல்களை உடைத்து, அந்தத் தேக்கில் தோட்டத்து பெஞ்ச் செய்து விற்றார்கள். தேம்ஸ் கரையில் கப்பல் உடைத்த காஸில் கம்பெனியின் பித்தளைத் தகடு பதித்த பழைய பெஞ்சுகள் இன்னமும் ஏலத்துக்கு வருகின்றன. உப்புக் காற்றிலும் வெயிலிலும் காலங்காலமாகக் கிடந்த மரம் அது. அதற்கும் 'சிதைவு' என்றா பெயர் வைப்பது?

புலவர் வை. (கும்பகோணம்) எழுதியது:

தேக்கு என்றதும் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வருகிறது. 'புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப.' தென்னையும் பனையும் புல், தேக்கு மரம். காழ் என்றால் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான பகுதி. வைரம் இல்லாத பகுதிக்கு 'வெளிறு' என்று பெயர். 'இன்மை அரிதே வெளிறு' என்று வள்ளுவர் அறியாமைக்கே அதை ஆண்டார். ஆகவே, தச்சர் தம்பி சொன்ன வெளுத்தலையும் இந்த வெளிறையும் கலந்துவிடக் கூடாது. வெளிறு பிறவிக் குணம், நரை காலத்தால் வருவது. கையேட்டில் இந்த வேறுபாடு இருந்தே ஆக வேண்டும்.

செ. (குன்னூர்) எழுதியது:

ஐயா சொல்வது சரிதான். வாங்கும்போதே பலகையில் வெள்ளை இருந்தால் அது வேறு கேஸ். அந்த இடம்தான் முதலில் இத்துப்போகும். எண்ணெய் ஊட்டி அதைத் தேற்ற முடியாது.

ச. (திருச்சி, வேளாண் துறை) எழுதியது:

நேற்றிலிருந்து படிக்கிறேன். எங்கள் துறையில் 'விதைநேர்த்தி' என்று ஒரு சொல் நெடுநாளாக நிற்கிறது. விதைப்பதற்கு முன் பூஞ்சாணம் வராமல் மருந்து கலப்பது. எல்லா விவசாயிக்கும் தெரியும், யாரும் அகராதி பார்ப்பதில்லை. பொருளைக் காப்பாற்ற மேலே ஒன்றைக் கொடுப்பது 'நேர்த்தி'. எண்ணெயானாலும் வார்னிஷானாலும் பொருந்தும், பளபளப்பு என்ற அர்த்தம் ஒட்டாது. 'மரநேர்த்தி', மறுபடி செய்தால் 'மறுநேர்த்தி'. உள்ளே இறங்குவது 'ஊட்டுநேர்த்தி', மேலே படலமாக நிற்பது 'படலநேர்த்தி'.

ப. (தொரந்தோ) எழுதியது:

எனக்கு இது ஒத்துவராது. எங்களுக்கு நேர்த்தி எண்டால் கோயிலுக்கு வைக்கிற நேர்த்தி. நல்லூருக்கு நேர்த்தி வைச்சுக் காவடி எடுக்கிறது. 'இருக்கையின் மறுநேர்த்தி' எண்டு வாசிச்சால், முதல் நேர்த்தி பலிக்கேல்லை, பிறகும் ஒண்டு வைச்சவை எண்டுதான் எங்கட சனம் நினைக்கும்.

ம. (கோவை) எழுதியது:

அக்கா, சிரித்து முடியவில்லை. இங்கும் நேர்த்திக்கடன் உண்டு. ஆனால் விதைநேர்த்தி என்றால் யாரும் கோயிலை நினைப்பதில்லையே. நெல் என்றதும் வயலுக்குப் போய்விடுகிறது புத்தி. மரம் என்றதும் பட்டறைக்குப் போகும் என்று நம்புகிறேன்.

செ. (குன்னூர்) எழுதியது:

பெயர் எதுவானாலும் சரி, நான் சொல்கிற ரெண்டு வரியை விட்டுவிடாதீர்கள் அம்மா. ஒன்று, ஹோஸில் அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவாதே. மென்மையான இழை பறந்து பலகை உழுத வயல் மாதிரி ஆகிவிடும். நார்ப் பிரஷ், சோப்புத் தண்ணீர், ரேகை ஓடுகிற பக்கமாகத் தேய்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு 80-ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, அப்புறம் 180. இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுத்திருந்தால் ஆக்ஸாலிக் அமிலம் போட்டுக் கழுவி, ஆணியைப் பித்தளையாக மாற்ற வேண்டும். கையுறை கட்டாயம், அது விஷம்.

ரெண்டாவது, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடு, இல்லையென்றால் தண்ணீரில் முக்கு. இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கடையில் விற்கிற 'டீக் ஆயில்' தேக்கிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் இந்த மாதிரி எண்ணெய்க் கலவைதான் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

குழும நிர்வாகி எழுதியது:

இரண்டு நாளாக மடல் குவிகிறது. ஞாயிறு இரவுக்குள் கை தூக்குங்கள்: மறுமெருகு, மறுநேர்த்தி, மறுஊட்டு, பாலிஷ். 'வாங்கு' பற்றித் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து.

ம. (கோவை) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாக்கில் மறுநேர்த்தி முந்தியது, பாதிப் பேர் களைத்துப்போய்ச் சரி என்று விட்டதாகத்தான் தெரிகிறது. தலைப்பில் 'மறுநேர்த்தி', பக்கத்தில் ஒரே ஒரு முறை 'ரீஃபினிஷிங்'. 'வானிலைச் சிதைவை' எடுத்துவிட்டேன். 'நரைத்தல்' என்று போட்டு, செ. அண்ணாவின் நாலு சொற்களையும் படத்தோடு தருகிறேன். பெஞ்ச் பெஞ்சாகவே இருக்கும், த. மன்னிக்கவும். தீப்பிடிக்கும் துணி பெட்டிக்குள் பெரிய எழுத்தில்.

ப. (தொரந்தோ) எழுதியது:

நான் வாக்குப் போடேல்லை. போட்டிருந்தாலும் தோத்திருப்பன். இலங்கைப் பதிப்பு வந்தால் அதிலையாவது 'மறுமெருகு' எண்டு மாத்துங்கோ, அல்லது 'எண்ணெய் பூசுதல்' எண்டு சும்மா எழுதுங்கோ, ஆருக்கும் விளங்கும்.

புலவர் வை. (கும்பகோணம்) எழுதியது:

மாற்றுக் கருத்து பதிவு செய்யப்பட வேண்டும். மெருகைப் பளபளப்பு என்று மட்டும் சுருக்கியது நம் காலத்துப் பிழை. மெழுகு, மெழுக்கு, மெருகு பற்றிய என் மடல் தயாராக இருக்கிறது, எட்டுப் பக்கம். தச்சர் தம்பி 'ரேகை' என்று சொன்னாரே, அதுவும் வடசொல் என்பதைக் கவனித்தீர்களா? மரத்தில் ஓடுகிற கோட்டுக்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ம. (கோவை) எழுதியது:

ஐயா, நாளை அச்சுக்குப் போய்விடும்.